முன்பு வாங்கியவை நீங்கலாக

நொத்தாரிஸ் பத்திரத்தின் முதல் வரியை வாசித்துவிட்டு மூச்சு விட்டார். அந்த இடைவெளியில் எமிலியானா வழக்கம்போலக் கணவன் பக்கம் சாய்ந்து, "இண்டைக்கு இந்தக் கந்தோரிலை நாங்கள் ரெண்டுபேரும் வந்து இருக்கிறம் எண்டு எழுதிக் கிடக்கு" என்று தொடங்கினாள். நொத்தாரிஸ் கையை உயர்த்தினார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. மேசையில் பூச்சாடியோ பிள்ளைகளின் படமோ கிடையாது, பேனாக்கள் மட்டும் இரண்டு.

"நீங்கள் மொழிபெயர்க்கக்கூடாது, சிஞ்ஞோரா."

எமிலியானாவுக்கு முதலில் சங்கதி பிடிபடவில்லை. விசாக் கடதாசிக்குப் போகும் குவெஸ்தூரா, ஆஸ்பத்திரி, மகள் றம்யாவின் பள்ளிக்கூடம், கரண்ட் பில் கட்டுகிற இடம் என்று எங்கே போனாலும் பத்தொன்பது வருடமாக கணவன் அல்பேட்டுக்காக இத்தாலியன் பேசியது அவளுடைய வாய்தான். ஒருவரும் ஒருநாளும் கூடாது என்று சொன்னதில்லை. "அவருக்கு எல்லாம் நான்தான் சொல்வது" என்றாள், கொஞ்சம் சிரித்தபடி. நொத்தாரிஸ் சிரிக்கவில்லை. இந்தப் பத்திரத்தில் நீங்கள் ஒரு தரப்பு, உங்கள் கணவர் மற்றத் தரப்பு. வாசிப்பது அவருக்கு விளங்காவிட்டால் உறவில்லாத ஒருவர் வந்து சத்தியம் செய்துவிட்டுச் சொல்லவேண்டும். இல்லையென்றால் பத்திரம் செல்லாது என்று நிதானமாகச் சொல்லிமுடித்து, கடதாசிகளை அடுக்கி உறைக்குள் போட்டார்.

"என்னவாம்?" என்றான் அல்பேட்.

"நான் சொல்லக்கூடாதாம். வேற ஆள் வேணுமாம்."

"உன்னைவிட ஆர் எனக்கு வடிவாச் சொல்லப்போகினம்? அதைச் சொல்லு அவவுக்கு."

அதை அவள் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை பத்து மணி என்று நாள் குறித்தார்கள். அல்பேட் மடியில் வைத்திருந்த இனிப்புப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றான். காரியம் முடிந்ததும் கொடுக்கவென்று காலையிலேயே கடை திறக்குமுன் போய்க் காத்து நின்று வாங்கியது. கடைசியில் வாசலில் இருந்த எழுத்தர் பெண்ணிடம் நீட்டினான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள்.

பொலிதேயாமாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எமிலியானா நிறுத்தப் பலகையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். தப்பிவிட்டோமா மாட்டிக்கொண்டோமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அல்பேட் புதுச் சட்டையின் கழுத்தைத் தளர்த்திவிட்டு, "ஒரு கிழமைதானே, என்ன அவசரம்" என்றான். எட்டு மாதமாக அவசரப்பட்ட மனிதன்.

இந்தப் பத்திரம் எங்கே தொடங்கியது என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். அவர்களுடைய கலியாணம் பாலெர்மோவில்தான் நடந்தது. பூசை முடிந்ததும் குருவானவர் பதிவுப் புத்தகத்தை விரித்துவைத்து, இனி உங்கள் சொத்து பொதுவா, தனித்தனியா என்று கேட்டார். இந்த நாட்டில் அப்படி ஒரு கேள்வி உண்டு. பூமாலையோடு நிற்கிற இடத்திலேயே பதில் சொல்லவேண்டும், சொன்னது எழுத்தில் ஏறிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எமிலியானாவின் தமையன் பெனடிக்ற் முன்னுக்கு வந்து, "தனித்தனி" என்றார். அவர் நினைப்பில் இருந்தது மன்னார் வங்காலையில் தங்கைக்குச் சீதனமாக எழுதிய காணி. சீதனக் காணி பெண்ணுடையது, அதில் மாப்பிள்ளைக்கு என்ன கதை? எங்கள் ஊரில் எந்தத் தமையனும் அந்த இடத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பான். குருவானவர் கேட்டது வங்காலையைப் பற்றி அல்ல, இனி இந்த ஊரில் இருவரும் வாங்கப்போகும் எல்லாவற்றையும் பற்றி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவர்களிடம் இருந்தது இரண்டு சூட்கேசும் ஒரு றைஸ்குக்கரும்.

எட்டு வருடத்துக்கு முன், பாலெர்மோவின் சீசாப் பகுதியில் மூன்றாம் மாடியில் இப்போதைய வீட்டை வாங்கினார்கள். வங்கி நம்பியது எமிலியானாவின் நிரந்தர வேலைக் கடதாசியை. அவள் ஒரு வயோதிப சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். அல்பேட் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில். அங்கே வேலைக் கடதாசி கோடைக்கு முளைத்து மாரிக்கு உதிர்ந்துவிடும். ஆகவே வீட்டு உறுதி அவள் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. அதைப்பற்றி இரண்டுபேரும் ஏழு வருடம் யோசித்ததே இல்லை. போன மாரியில்தான் மாதா கோயிலுக்கு வருகிற அகஸ்ரினின் மனைவி கதவுப் பூட்டை மாற்றினாள். வீடு என்ர பேரிலை, நீர் போம் என்று மாடியிலிருந்து சொன்னாளாம். அகஸ்ரின் இப்போது நாலு பெடியளோடு ஒரு அறையில் முறை வைத்துப் படுக்கிறார். ஞாயிறு பூசைக்கு அவர் கசங்கின சட்டையோடு வந்து கடைசி வாங்கில் இருந்ததைப் பார்த்த அன்று அல்பேட் மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் கேட்டான். "அந்தத் தனித்தனியை அழிக்கேலாதோ?" பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்டான். தேத்தண்ணி குடிக்கும்போது, உடுப்புக் காயப்போடும்போது, றம்யாவின் முன்னால், றம்யா இல்லாதபோது.

கடைசியில் எமிலியானா ஓம் என்றாள். நாள் எடுக்கத் தனியாகப் போனபோது நொத்தாரிஸ் ஒன்றை விளக்கினார். இப்போது அழித்தால் இனிமேல் வாங்குவதுதான் பொது. முன்பு வாங்கியது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே. வீட்டையும் பொதுவாக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு வரி சேர்க்கவேண்டும். "சேர்க்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றாள் எமிலியானா. அவ்வளவு கெதியாகத் தன் வாயில் அந்தச் சொல் வந்தது அவளுக்கே அதிசயமாக இருந்தது. அப்படியென்றால் வீடு நீங்கலாக என்று நாலாவதில் எழுதிவிடுவதாக நொத்தாரிஸ் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "எல்லாம் சரி, நாள் தந்திட்டினம்" என்று மட்டும் சொன்னாள். அல்பேட் அன்றைக்கு அவளுக்குக் கால் பிடித்துவிட்டான். பத்திரம் வாசிக்கப்படும், தான்தான் அவனுக்குச் சொல்லப்போகிறோம், அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டால் அவனுக்கு நிம்மதி, வீடும் தன்னிடம் என்பது அவளுடைய கணக்கு. ஏமாற்று என்றே அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, அதற்கென்ன என்றும் கேட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் வங்காலைக் காணி இப்போது இல்லை. றம்யா தவழ்ந்துகொண்டிருந்த வருடம், அல்பேட் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து ரோமுக்குப் போய்த் தூதரகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னான். அற்றோணித் தத்துவம், அவளுடைய காணி அலுவலுக்கு அதிகாரம் கொடுத்து, அவனுடைய அண்ணன் பெயருக்கு. ஆங்கிலத்தில் இருந்தது. கொழும்பில் இரண்டு வருடம் கந்தோர் வேலை பார்த்தவன் என்பதால் ஆங்கிலக் கடதாசி என்றால் வீட்டில் அவன்தான். "எல்லை வேலிப் பிரச்சினைக்கு அங்கை ஆள் நிக்கவேணும், அதுக்கு" என்றான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள். மூன்று வருடம் கழித்து அம்மா போனில், உன்ர காணியிலை ஆரோ மதில் கட்டுகினம் பிள்ளை என்று சொன்னபோதுதான் தெரிந்தது. காணியை விற்ற காசில் அல்பேட்டின் தம்பி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கலியாணமும் செய்துவிட்டான். அல்பேட் சொன்னது, "அப்பிடி ஆகிப்போச்சு" என்ற ஒரு வசனம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் சண்டை பிடிக்கவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், இன்னொரு பிள்ளை மட்டும் வேண்டாம் என்றாள்.

மொழிபெயர்க்க ஆள் தேடும் பொறுப்பை அல்பேட்டே எடுத்துக்கொண்டான். கோயில் ஆட்கள் ஒருவரும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று யோசித்து, நகுலேஸ்வரனைப் பிடித்தான். யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், அறுபது வயது, தொழிலாளருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். கோயில் பக்கம் வராத மனிதர் என்பதுதான் அவருடைய பெரிய தகுதி. அல்பேட் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

எமிலியானாவுக்கு அந்தக் கிழமை இருப்புக்கொள்ளவில்லை. வேலை வீட்டில் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தாள். "உனக்கு இன்றைக்கு என்ன வந்தது, ஒரு இடத்தில் இரு, எனக்குத் தலை சுற்றுகிறது" என்று கட்டிலில் இருந்து சிஞ்ஞோரா கத்தினாள். நொத்தாரிஸுக்கு இரண்டுமுறை போன் எடுத்து, மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்தாள். வீட்டைச் சேர்க்கச் சொல்லவா, எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொல்லவா என்று அவளுக்கே தெரியவில்லை. சேர்த்தால் தான் தோற்றுப்போன மாதிரி இருந்தது. சேர்க்காவிட்டால் அவனைப்போல ஆகிவிட்ட மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை துணிந்து நகுலேஸ்வரனுக்கு எடுத்தாள்.

"ஐயா, நாலாவதா ஒரு இடம் வரும். அதைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லேலுமோ? அவருக்கு நீட்டிச் சொன்னாக் குழம்பிப்போகும்."

அந்தப் பக்கம் ஒரு கதிரை நகர்ந்து கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "தங்கச்சி, நான் சத்தியம் பண்ணிப்போட்டுச் சுருக்கிறேல்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. "அதிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது, இப்ப சொல்லவும் வேண்டாம். அவருக்குத் தெரியவேண்டிய சாமான் எண்டால், என்ர வாயாலை கேக்கமுதல் நீங்களே சொல்லிப்போடுங்கோ."

அவருடைய நேர்மையில் இடி விழ என்று மனதுக்குள் வைதாள். ஆனாலும் அவர் சொன்னது குடைந்துகொண்டே இருந்தது. புதன்கிழமை சிஞ்ஞோராவின் மகள் வருகிற நாள். இரண்டு மணிக்கே விடுப்புக் கேட்டுக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு பஸ் ஏறினாள். வீட்டில் சொன்னால் கத்துவான், றம்யா கேட்பாள். வேலையிடத்தில் கத்தமுடியாது. அவ்வளவுதான் யோசனை.

கடையின் பின்கதவு திறந்தே இருந்தது. அல்பேட் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து ஒரு பெரிய தொட்டியில் மட்டி கழுவினான். உள்ளேயிருந்து சமையற்காரன் ஒருவன் என்னவோ கத்தினான். அல்பேட் தலையைத் தூக்காமலே பதில் கத்தினான். குசினி முழுக்கச் சிரித்தது. இன்னொருவன் ஏதோ சொல்ல, அல்பேட் அதற்கும் ஒன்று போட்டான், திரும்பவும் சிரிப்பு. எமிலியானா கதவருகில் அப்படியே நின்றாள். அவர்கள் பேசியது சிசிலிக்காரரின் பேச்சு, அவளுக்குப் பாதிதான் விளங்கியது. அவளுடையது சிஞ்ஞோராக்களிடம் பழகிய இத்தாலியன், கடதாசிக்கும் மருந்துச் சீட்டுக்கும் உரியது. இந்த மனிதன் இங்கே ஒருவர் துணையும் இல்லாமல் ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். பயமாக இருந்தது. தான் சொல்லாத எதையெல்லாம் இவன் விளங்கிக்கொண்டிருப்பான் என்று யோசனை ஓடியது.

அவன் திரும்பி அவளைக் கண்டதும் முகம் மாறிப்போனான். "என்ன? றம்யாவுக்கு ஏதுமோ?"

"இல்லை. சும்மா வந்தனான்."

"சும்மாவோ? இஞ்சை ஆர் சும்மா வாறது?" கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருக்கச் சொன்னான். உள்ளே போய் ஒரு தட்டில் பொரித்த கணவாய் கொண்டுவந்தான். அவள் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள், விழுங்கவில்லை. "நாளைக்கு முடிஞ்சால், கீழை வாசல் மணியிலை என்ர பேரையும் போடவேணும்" என்றான் அவன். "தபால்காரன் என்னைக் காணேக்கை எல்லாம் நீ எந்த மாடிக்கு வந்தனி எண்டு கேக்கிறான். எட்டு வருசமாக் கேக்கிறான் அந்த விசரன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். சொல்ல வந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். இருந்த இடத்தில் இருந்து வாயைத் திறந்தால் போதும். உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள், அவன் எழும்பினான், அவளும் எழும்பினாள். "பஸ் வந்திடும், போறன்" என்றாள். பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது. கடற்கரையோரமாக நிறுத்தத்துக்கும் வள்ளங்கள் கட்டுகிற இடத்துக்கும் இடையில் அவ்வளவு நேரமும் நடந்தாள்.

வியாழக்கிழமை பத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சாட்சிக்கு எழுத்தர் பெண்ணும், பக்கத்து அலுவலகத்து மனிதர் ஒருவரும். நகுலேஸ்வரன் கோட்டுப் போட்டு, தலையை அழுத்திச் சீவி, நெற்றியில் மெல்லிய கீற்றாய்த் திருநீறோடு வந்திருந்தார். எழுந்து நின்று, சொன்னதைச் சொன்னபடி சொல்வேன் என்று சத்தியம் செய்தார். அல்பேட்டுக்கும் எமிலியானாவுக்கும் நடுவில் அவருக்குக் கதிரை போட்டிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு அலுவலகத்தில் தன் கணவனுக்குப் பக்கத்தில் வேறொருவர் இருப்பதை எமிலியானா முதல்முறையாகப் பார்த்தாள். அவனுடைய முகம் அவளுக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்திருந்த கைகள்தான் தெரிந்தன. மட்டி கழுவிக் கழுவி விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

நொத்தாரிஸ் ஒரு வரி வாசிப்பார், நகுலேஸ்வரன் ஒரு வரி சொல்வார். பெயர், பிறந்த இடம், கலியாணம் நடந்த கோயில். இரண்டாவது, மூன்றாவது. அவர் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கதவிலக்கத்தைக்கூட விடவில்லை. எமிலியானா எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். கதவருகில் சாட்சிக்காரர் இருந்தார்.

"நாலாவது" என்றார் நகுலேஸ்வரன். "இண்டையிலிருந்து இவை ரெண்டுபேரிலை ஆர் வாங்கிற சொத்தும் ரெண்டுபேருக்கும் பொது. முன்பு வாங்கியவை நீங்கலாக. சீசாவிலை இருக்கிற மூண்டாம் மாடி வீடு முன்பு வாங்கினது எண்டபடியாலை, அது தொடர்ந்தும் மனைவிக்கு மட்டுமே சொந்தம்."

நொத்தாரிஸ் ஐந்தாவதுக்கு வாயெடுத்தார். அல்பேட்டின் கை ஒன்று மேசையிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது.

"அதைத் திருப்பிச் சொல்லுங்கோ ஐயா."

ஒரு சொல் மாறாமல் நகுலேஸ்வரன் திருப்பிச் சொன்னார்.

"ஆர் அப்பிடி எழுதச் சொன்னது?"

அவர் அதை இத்தாலியனில் நொத்தாரிஸிடம் கேட்கத் தொடங்குமுன், "நான்தான்" என்றாள் எமிலியானா. நகுலேஸ்வரன், கேள்வியையும் அவளுடைய பதிலையும் சேர்த்து நொத்தாரிஸுக்குச் சொன்னார்.

கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கு மறுமொழி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது வரிசைப்படுத்தியும் பார்த்தாள். அல்பேட் கத்தவில்லை. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தான். பிறகு நகுலேஸ்வரனைப் பார்த்துத்தான் பேசினான், அவளைப் பார்க்கவில்லை.

"நொத்தாரிஸிட்டைக் கேளுங்கோ ஐயா. வீடு அவளின்ரையாவே கிடக்கட்டும், எனக்கு வேண்டாம். நான் சாகுமட்டும் அதுக்குள்ளை இருக்கலாம் எண்டு ஒரு வரி போடேலுமோ எண்டு கேளுங்கோ."

நகுலேஸ்வரன் கேட்டார். முடியும் என்றார் நொத்தாரிஸ். அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இருக்கிறது, மனைவி சம்மதித்தால் வேறு பத்திரம் தேவையில்லை, இதிலேயே சேர்க்கலாம். எழுத்தர் பெண் சாட்சிக் கதிரையிலிருந்து எழுந்து கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். நொத்தாரிஸ் எமிலியானாவைப் பார்த்தார்.

அவள் நகுலேஸ்வரனைத் தாண்டிக் குனிந்து, "நான் உங்களை வெளியிலை விட்டிடுவன் எண்டே நினைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஏன் விடமாட்டாய்?" என்றான் அல்பேட். இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "நான் உன்ர காணியை வித்தனான்தானே. வேலிக்கு எண்டு பொய் சொல்லி ஒப்பம் வாங்கித்தானே வித்தனான்."

எமிலியானாவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இதைச் சொல்ல ஒரு வீடு இருந்தது, ஒரு கட்டில் இருந்தது, ஆயிரம் தேத்தண்ணி நேரம் இருந்தது. அங்கெல்லாம் வாயைத் திறக்காதவன், முன்பின் தெரியாத நாலு பேருக்கு நடுவில், சத்தியம் செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறான். இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தோமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலும் கோபம் வந்தது. கைப்பையைத் திறந்து லேஞ்சியைத் தேடினாள். அது இருக்கவில்லை.

"என்ன சொல்கிறார்கள்?" என்று நொத்தாரிஸ் கேட்டார்.

நகுலேஸ்வரன் கோட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அல்பேட்டை அல்ல, அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, இதையும் சொல்லவோ?"

எழுத்தர் பெண் விரல்களை விசைகளுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் நாலாவது வரிக்குக் கீழே புதிதாக 5 என்ற இலக்கம் மட்டும் விழுந்திருந்தது. அதன் பக்கத்து வெற்றிடத்தில் ஒரு சிறு கோடு அணைந்து அணைந்து எரிந்தது.